நடிகர் தேர்வுல இன்னும் மனசை அரிச்சுக்கிட்டிருக்கற ஒரு நிமிஷம்: பகிருங்க

சென்னிமலைத்தறி

நெசவாளர் வேஷம். குழித்தறியில உட்கார்ந்துக்கிட்டே மருமகன்கிட்ட பேசற ஒரே காட்சி. தேர்வு வெச்சது ஒரு மண்டபத்துல: வெள்ளைச் சுவர், ஒரு நாற்காலி, எதிர்ல கேமரா. நாடகப் பயிற்சி இருந்தவர் நல்லாப் பேசினாரு. நிஜ நெசவாளர் மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிச்சாரு. வேஷம் நாடகக்காரருக்கே போச்சு.

படப்பிடிப்புல பாவுல, அதான் தறியில நீளவாக்குல ஓடற நூல்ல, ஒரு இழை அந்துபோச்சுங்க. நடிகர் வசனத்தை நிறுத்திட்டுக் குனிஞ்சு கண்ணால தேடறாரு. சொல்லிக்கொடுக்க வந்திருந்தது அதே நெசவாளர்தான். அவர் பக்கத்துல இருந்தவர்கிட்ட நூல் விலை பேசிக்கிட்டே, திரும்பிக்கூடப் பார்க்காம விரலை ஓட்டி, இழையைப் பிடிச்சு முடிச்சுப் போட்டாரு. முகம் கேக்கறவர் பக்கமே இருந்துச்சு. காட்சிக்கு வேணும்னு எழுதி வெச்சிருந்ததே அந்த முகம்தான்.

கைவேலை இருக்கற வேஷத்தை நாற்காலியில உட்கார வெச்சுப் பார்த்ததுதான் தப்பு. தறி இருக்கற ஊட்டுக்கே போயிருக்கோணும். முதல் பத்து நிமிஷம் வேலை மட்டும். அப்புறம் எதிர்ல ஒரு ஆளை நிறுத்தி ஊர்ப் பேச்சு. கடைசியாத்தான் வசனம்.

நொய்யக்கரை

கை போகட்டுங்க, நாக்கைப் பத்தி யாருமே பேசறதில்லையே.

கோயமுத்தூர்ல நடந்த ஒரு தேர்வு, அப்பா வேஷம். வந்தவர் பெத்த பையனைத் திட்டற வசனத்துக்கும் "எங்கீங்க போனீங்க"ன்னு ‘ங்க’ போட்டுத் திட்டறாரு. உள்ளூர்க்காரங்க முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. பையன்கிட்ட "எங்கடா போய்த் தொலைஞ்சே"தான் வரும். மகள்னா "ஏங் கண்ணு", "அம்மணி". வந்த ஓரம்பரைக்கு, அதான் விருந்தாளிக்குத்தான் "வாங்", "உக்காருங்". அந்த ‘ங்’ பாதியிலயே மூக்குக்குள்ள அடங்கிரும், ‘ங்க’ன்னு முழுசா இழுத்தாலே வெளியூர் வாடை அடிக்கும்.

அதனால ஒரே சேதியை மூணு பேர்கிட்ட சொல்லச் சொல்லணும். "பணம் நாளைக்குத்தான் வரும்" – இதைச் சம்பந்திகிட்ட, மகன்கிட்ட, பண்ணையத்து ஆள்கிட்ட. எழுதிக் கொடுக்கவே கூடாது, சேதியை மட்டும் சொல்லணும். மூணும் வேற வேறயா வந்தா அந்த ஆளுக்குக் கொங்குத்தமிழ் உள்ளேயே இருக்குன்னு அர்த்தம். ‘என்ற ஊடு’, ‘உன்ற பேச்சு’ மாதிரி சொல்லைப் பட்டியல் போட்டு உருப்போட்டவங்க இங்கதான் மாட்டுவாங்க.

கோபி_வாய்க்கா

சென்னிமலை அண்ணா, நீங்க சொல்றதுல பாதிதான் ஒத்துக்க முடியும். நெசவாளரையே எடுத்திருந்தா வேற இடத்துல இடிச்சிருக்கும்.

கோபி வயல்ல நாத்து நடற பாட்டி வேஷத்துக்கு நிஜமா நடவு நடறவங்களையே எடுத்தாங்க. முதல் தடவை கண்ணுல தண்ணி வர்ற மாதிரி இருந்துச்சு. கிட்டத்துல ஒண்ணு, தள்ளி ஒண்ணுன்னு அதையே நாலு தரம் எடுக்கறப்போ, "எம் பையன் வரமாட்டான்"ங்கற சொல்லுக்கு ஒருதரம் கை சேத்துல, ஒருதரம் இடுப்புல, ஒருதரம் கன்னத்துல. எடிட்டிங்ல ஒட்டவே இல்ல.

அதுக்குத் தனிச் சோதனை இருக்கு. ஒரு சொல், ஒரு செய்கை, அஞ்சு தரம். மூணாவதுக்கு மேல கை அதே சொல்லுல விழுதான்னு பாருங்க. அப்புறம் ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார வெச்சுட்டுத் திரும்பவும் கேளுங்க. காலைல ஆறு மணிக்கு வந்தவங்களுக்கு ஷாட் பதினொண்ணுக்குத்தான் வரும். அதுக்குள்ள பாதிப் பேருக்கு உயிர் போயிரும். கேமராவைப் பார்த்துக் கூசறவங்களுக்கு 85 மி.மீ. லென்ஸ் போட்டு, பன்னெண்டு அடி தள்ளி வெச்சாலே பாதிக் கூச்சம் போயிரும். எதிர்வசனம் படிக்கறவர் லென்ஸை ஒட்டி உட்காரணும், அவர் நடிக்கவே கூடாது.

நாடகக்காரங்களை ஒதுக்காதீங்க. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ காலத்துல நாடகக் கம்பெனி ஆளுகதான் திரையை நிரப்பினாங்க. சொன்ன இடத்துல நின்னு, சொன்னதைத் திரும்பச் செய்யற பழக்கம் அவங்க சொத்து.

இன்னொண்ணு, தேதி. ஊர்ல மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிட்டா ஆளே கிடைக்க மாட்டாங்க. பொள்ளாச்சிச் சந்தை நடக்கற செவ்வாய், வியாழன்ல மாட்டு வியாபாரிகளைக் கூப்பிடாதீங்க.

பல்லடம்_அக்கா

யாரும் கேக்கலைன்னாலும் குழந்தைகளைப் பத்திச் சொல்லிடறேன். திருப்பூர்ல ஒரு தேர்வுல ஆறு வயசுப் பாப்பா அழணும். அம்மாவை வெளிய அனுப்பிக் கதவைச் சாத்தினாங்க. பாப்பா அழுதுச்சு, காட்சியும் கிடைச்சுது. அதுக்கப்புறம் கேமராவைக் கண்டாலே கதவைத் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சிருச்சு.

அழவே கேக்காதீங்க. ஒரு விளையாட்டுக் கொடுத்து நடுவுல விதியை மாத்துங்க. கோவிச்சுக்குதா, சேர்ந்து விளையாடுதா, அம்மாவைத் தேடுதா? எந்தக் குழந்தைக்கு எந்த வேஷம்னு அதுல தெரிஞ்சுரும்.

சட்டமும் இருக்குங்க. பதினாலு வயசுக்குக் கீழ இருந்தா கலெக்டர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். 2017ல வந்த மத்திய விதிப்படி ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல கூடாது, ஓய்வு இல்லாம மூணு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளைக்கு மேல கூடாது. அஞ்சு குழந்தைக்கு ஒரு பொறுப்பாள். சம்பளத்துல குறைஞ்சது 20 சதவீதம் குழந்தை பேர்ல தேசியமயமாக்கப்பட்ட வங்கியில நிலையான வைப்பாப் போடணும். இதைப் பெத்தவங்களுக்குத் தேர்வு அன்னைக்கே சொல்லிடுங்க. தேர்வானதுக்கு அப்புறம் சொன்னா "பள்ளிக்கூடம் போச்சே"ன்னு பாதியில கூட்டிட்டுப் போயிருவாங்க.

நொய்யக்கரை

கோபி தம்பி, காப்புக் கட்டினா ஆளே வரமாட்டாங்கன்னு இல்ல. வெளியூர்ல ராத் தங்கமாட்டாங்க, அவ்வளவுதான். பக்கத்துலயே பகல் காட்சியா வெச்சு, பொழுதோட ஊட்டுக்கு அனுப்பிட்டா வருவாங்க. கைல கட்டின மஞ்சள் காப்பை மட்டும் அவுக்கச் சொல்லாதீங்க. அது தெரிஞ்சாப் பரவால்லீங்களான்னு டைரக்டர்கிட்ட முதல்லயே கேட்டு வெச்சுக்கங்க, இல்லைன்னா முழுக்கைச் சட்டை போட்ட வேஷமாப் பார்த்து அவங்களுக்குக் கொடுங்க.