மேய்ச்சல் நிலத்துப் பெருங்காளான்: உறுப்பினர் அனுபவங்கள்

ஆக்ஸ்போர்டுஷையர், இங்கிலாந்து

எங்கள் ஊரை ஒட்டி ஆடுகள் மேயும் புல்வெளியொன்று உள்ளது. ஆகஸ்ட் இறுதியில் பெய்த நல்ல மழைக்குப் பின், அதன் வேலியோரம், தொட்டால் அரிக்கும் நெட்டில் செடிகள் மண்டிய இடத்தில், இங்குள்ளோர் ஜயன்ட் பஃப்பால் என அழைக்கும் காளான்கள் முளைத்திருந்தன. குடையோ தண்டோ இன்றி, விளைந்த பறங்கிக்காயின் பருமனில் வெள்ளை வெளேரெனத் தரையோடு தரையாக அமர்ந்திருந்தன. காட்டுக் காளானை விற்பனை நோக்கமின்றிப் பறிப்பது இந்நாட்டின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி குற்றமாகாது என்றாலும், நிலத்துக்காரரிடம் கேட்ட பின்னரே ஒன்றை எடுத்தேன். பாதியைத் தமக்குத் தந்துவிட வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை.

உண்ணத் தகுந்ததா என்பதைக் கத்திதான் சொல்லும். மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்தால் உட்புறம் முழுவதும் மாசற்ற வெண்மையாக இருக்க வேண்டும். சிறிதேனும் மஞ்சள் படர்ந்திருந்தால் எறிந்துவிட வேண்டும். சிறிய உருண்டைகளில் இரட்டிப்புக் கவனம் தேவை. ஏனெனில், கொடிய நஞ்சுடைய அமானிட்டா காளான்கள் இளம் பருவத்தில் முட்டை வடிவ உறைக்குள் ஒடுங்கியிருக்கும். அவற்றைப் பிளந்தால் குடையும் தண்டும் உருவாகிவரும் கோடுகள் உள்ளே தெரியும்.

தடித்த தோலை உரித்து, விரல் தடிமனுக்கு வில்லைகள் போட்டேன். இக்காளான் எண்ணெயை எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும் என்பதால், தோசைக்கல்லில் சில துளிகள் மட்டும் விட்டு, பூண்டும் மிளகுத்தூளும் தூவி இருபுறமும் சிவக்க விட்டேன். நிலத்துக்காரர் வீட்டில் முட்டையில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தார்கள்; உள்ளபடியே அதுதான் மேலான பக்குவம். ஒரே காளான் பல வேளைக்கு வரும், ஆனால் மறுநாளே சலித்துவிடும்.

ஒண்டாரியோ, கனடா

நான் கண்டது இதே காளானின் முதிர்ந்த பருவம். அக்டோபரில் பண்ணைப் புல்வெளியில் பழுப்பேறி உலர்ந்து கிடந்ததை என் மகன் உதைக்க ஓடினான், நான் தடுத்துவிட்டேன். ஒரே பந்துக்குள் தூள் போன்ற வித்துகள் (ஸ்போர்கள்) பல லட்சம் கோடி உண்டு. திறந்தவெளியில் சற்றே பறப்பதால் கேடில்லை. மிகுதியாக உள்ளிழுத்தால் நுரையீரல் அழற்சி உண்டாகும். 1994இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பஃப்பால் வித்துகளை வேண்டுமென்றே உறிஞ்சியும் மென்றும் பார்த்த பதின்வயதினர் 8 பேர் நோயுற்றனர். முற்காலத்தில் ஐரோப்பியத் தேனீ வளர்ப்போர் உலர்ந்த பஃப்பாலைக் கொளுத்தி, அதன் புகையால் தேனீக்களை அடக்கியதாகவும் படித்திருக்கிறேன்.

அடுத்த பருவத்தில் வெண்மையாகக் கிடைத்தால், மீந்ததை உறையவைத்துக்கொள்ள இயலுமா, ஐயா?

ஆக்ஸ்போர்டுஷையர், இங்கிலாந்து

பச்சையாக வைத்தால் நீர்விட்டுக் குழைந்துவிடும். இருபுறமும் வாட்டி ஆறவைத்த வில்லைகளை இடையிடையே தாள் வைத்து அடுக்கி உறையவைத்துக்கொள்ளுங்கள்.