லினக்ஸில் பிரிண்டர் தானாக ரீசெட் ஆகிறதா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

எங்கள் கடை தாலுகா ஆபீஸ் எதிரில். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் அவுட் என்று நாள் முழுக்க ஓடும். கணினியில் உபுண்டு லினக்ஸ், பிரிண்டர் யூஎஸ்பி லேசர். சும்மா இருக்கும் பிரிண்டர் திடீரென்று 'கர்ர்' என்று உருளையைச் சுழற்றி, விளக்கெல்லாம் மின்னி, புதிதாக ஆன் செய்ததுபோல எழும். பிரிண்ட் ஓடும்போது இப்படி ஆனால் பாதித் தாள் உள்ளேயே நின்றுவிடும். வெளியே வெயிலில் நிற்பவருக்கு என்ன பதில் சொல்வது?

டிரைவரை மாற்று, ஓஎஸ்ஸையே மாற்று என்று ஆளுக்கொரு யோசனை வந்தது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது கெர்னல் லாக்தான், அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிக்கொண்டே வரும் பதிவு. டெர்மினலில் அதை ஓடவிட்டு, பிரிண்டர் உறுமும்போது எந்த வரி விழுகிறது என்று பாருங்கள். 'ரீசெட் ஹைஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்' என்று வந்தால் ரீசெட் கொடுத்தது கணினி. 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று விழுந்து, உடனே வேறு டிவைஸ் எண்ணோடு திரும்ப வந்தால் கோளாறு பெரும்பாலும் பிரிண்டர், கேபிள், கரண்ட் இந்த மூன்றில் ஒன்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் டிரைவரில் கை வைப்பது வீண் வேலை.

எனக்கு வந்தது முதல் வகை. ஹப் தவிர மற்ற யூஎஸ்பி சாதனங்களைப் பெரும்பாலும் கெர்னல் தானாகத் தூங்கவிடாது. ஆனால் கரண்ட் மிச்சம் பிடிக்க யாரோ பவர்டாப் என்ற மின்சிக்கன புரோகிராமின் ஆட்டோ ட்யூனை ஸ்டார்ட்அப்பில் போட்டு வைத்திருந்தார்கள். அது பிரிண்டரையும் தூங்க வைத்துவிட்டது. எழுப்பும்போது ஒழுங்காக எழாத சாதனத்தை கெர்னல் ரீசெட் செய்துதான் எழுப்பும். யூடெவ் விதியில் (சாதனம் இணையும்போது என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) பிரிண்டரின் வெண்டர் எண், புராடக்ட் எண் இரண்டையும் கொடுத்து, பவர் கண்ட்ரோலை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்' ஆக்கினேன். அப்புறம் உறுமல் இல்லை. லேப்டாப்பில் டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்பு புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அது இயல்பாகவே பிரிண்டரை விட்டுவிடும்.

* * *

எனக்கு வேறு மாதிரி சார். ஒவ்வொரு பிரிண்டும் முடிந்த பிறகுதான் ரீசெட் ஆகும், சில நேரம் கடைசிப் பக்கமே வராது. லினக்ஸில் பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் கப்ஸ், அச்சடிக்கும்போது யூஎஸ்எல்பி என்ற கெர்னலின் பிரிண்டர் மாட்யூலைக் கழற்றிவிட்டு, முடிந்ததும் திரும்ப மாட்டும். சில பிரிண்டர்களுக்கு அந்தக் கழற்றி மாட்டலே ஆகாது. கப்ஸின் யூஎஸ்பி குவர்க்ஸ் கோப்பில் (தனிக் கவனிப்பு தேவைப்படும் மாடல்களின் பட்டியல்) என் மாடலுக்கு 'நோ ரீஅட்டாச்' என்று ஒரு வரி சேர்த்தேன், சரியானது.

புது லினக்ஸ் டிஸ்ட்ரோ என்றால் ஐபிபி யூஎஸ்பி சர்வீஸையும் ஒரு கண் பாருங்கள், யூஎஸ்பி பிரிண்டரை நெட்வொர்க் பிரிண்டர் போலக் காட்டும் சர்வீஸ் அது. அது பிரிண்டரைப் பிடித்து வைத்திருக்கும்போது கப்ஸில் ஏற்கெனவே சேர்த்த பழைய யூஎஸ்பி க்யூவும் அதே பிரிண்டரைக் கேட்கும். ஒரே பிரிண்டர் பட்டியலில் இரண்டு பெயரில் தெரிந்தால் இந்த இழுபறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

எனக்கு விழுந்தது டிஸ்கனெக்ட் வரி. லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிரிண்டர் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. லேசர் பிரிண்டரில் டோனரைத் தாளில் உருக்கி ஒட்ட வைக்கும் ஹீட்டர், சூடேறும் நேரத்தில் கரண்டை மொத்தமாக இழுக்கும். அந்த நொடியில் ட்யூப்லைட் மங்கும், பிரிண்டர் செத்துப் பிழைக்கும். நேரடி ஈபி லைனுக்கு மாற்றினோம். கரண்ட் போனால் பிரிண்ட் கிடையாது, அவ்வளவுதான்.

* * *

பழைய லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் ஃபர்ம்வேரை, அதாவது பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருளை, ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஒரு தடவை உருண்டு அடங்கினால் அது கோளாறு அல்ல. எதை அனுப்பினாலும் அசையாமல் இருந்தால், எச்பிலிப்பின் (லினக்ஸுக்கான எச்பி பிரிண்டர் மென்பொருள்) ப்ளக்இன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.