கன் பெர்மிட் எடுத்தவங்க சொல்லுங்க: ஸ்டேட் மாறினப்ப உங்களுக்கு என்ன ஆச்சு?

பக்ஸ் கவுன்டி கடைக்காரன்

ராத்திரி பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டிட்டு அன்னைக்கு வசூலோட வெளிய வர்ற ஆளு நான். அதனால எடுத்தேன், அதுக்கு மேல காரணம் கேக்காதீங்க. பென்சில்வேனியாவுல இது ரொம்ப லேசு. ஷெரிஃப் ஆபீஸ்ல 20 டாலர், ஒரு ஃபாரம், ஒரு போட்டோ. கிளாஸ் கிடையாது, சுட்டுக் காட்டவும் வேண்டாம். எனக்கு அரை மணி நேரத்துல கார்டு கையில வந்துடுச்சு.

போன வருஷம் தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து, ப்ரிட்ஜ்வாட்டர் கோவில்ல. தாய்மாமன் நான். காலைல கடையைத் திறந்து வச்சிட்டு, வேட்டியைப் பையில போட்டுக்கிட்டு அப்படியே கிளம்பிட்டேன். ஸ்கடர் ஃபால்ஸ் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி சீட் பெல்ட் உறுத்துதேன்னு கையை இடுப்புக்குக் கொண்டுபோனேன். ஹோல்ஸ்டர், துப்பாக்கியோட. ஃபுல் லோடு.

அந்தப் பாலத்துல நியூஜெர்சிக்குள்ள போறப்ப டோல்கூட கிடையாது. எவனும் நிறுத்த மாட்டான். ஒரு போர்டைத் தாண்டறோம், அவ்வளவுதான். ஆனா போர்டுக்கு அந்தப் பக்கம் என் கார்டு செல்லாது. 2013ல இதே மாதிரி பென்சில்வேனியா பெர்மிட்டோட போன ஒரு அம்மா, வண்டியை நிறுத்தின போலீஸ்கிட்ட தானாவே "என்கிட்ட கன் இருக்கு"ன்னு சொல்லி அரெஸ்ட் ஆனாங்க. குறைஞ்சது மூணரை வருஷம் உள்ள இருக்க வேண்டிய கேஸ். நாடே பேசின பிறகுதான் தப்பிச்சாங்க, 2015ல கவர்னர் கிறிஸ்டி மன்னிப்பு குடுத்தார்.

கடைசி எக்ஸிட்ல இறங்கிட்டேன். இண்டிகேட்டர் போட்ட கை நடுங்கிச்சு. வீட்டுக்குப் போய் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு மறுபடி ஓட்டினேன். நான் கோவிலுக்குள்ள நுழையறப்ப குழந்தை ரெண்டு காதுலயும் கம்மலோட அழுதுக்கிட்டிருந்தா. பெரியப்பா பையன் மடியில உக்கார வச்சுக் குத்திட்டாங்க. தங்கச்சிகிட்ட டிராஃபிக்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்கு அதுதான் தெரியும்.

பாளையங்கோட்டை டு ப்ளேனோ

உங்க மடி விஷயம் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். என் கதை டெக்சாஸ். எல்டிசி, அதாவது இங்க கன் எடுத்துட்டுப் போற லைசென்ஸ், எடுத்து அஞ்சாறு வருஷம் ஆச்சு. ஒரு நாள் கிளாஸ், சுட்டுப் பழகற ரேஞ்ச்ல 3, 7, 15 கஜத்துல மொத்தம் 50 ரவுண்டு. லைசென்சுக்கு 40 டாலர். அதெல்லாம் கஷ்டமே இல்ல.

எங்கம்மா ஊருல இருந்து வந்திருந்த சமயம். ஹைவே 75ல பிரேக் லைட் எரியலைன்னு போலீஸ் ஓரங்கட்டச் சொன்னான். கண்ணாடியை இறக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணி, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல. டிரைவிங் லைசென்ஸ் கேட்டா எல்டிசியையும் சேத்துக் குடுக்கணும், குடுத்தேன். "வண்டியில இருக்கா?"ன்னான். "க்ளோவ் பாக்ஸ்ல இருக்கு"ன்னேன்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனா இன்சூரன்ஸ் பேப்பர் அந்தப் பெட்டியிலதான்னு நான் ஏற்கெனவே காட்டியிருந்தேன். க்ளோவ் பாக்ஸ்னு காதுல விழுந்ததும் பேப்பர் கேக்கான்னு நெனச்சு, உதவி பண்ண கையை நீட்டிட்டா. அந்தப் பெட்டித் தாழ்ப்பாள் 'டக்'னு விட்ட சத்தம் எனக்கு இப்பவும் கேக்கும். போலீஸ்காரன் ஒரு எட்டு பின்னால போனான், கை இடுப்புக்குப் போச்சு.

"அம்மா! கையை எடு!"ன்னு கத்தினேன். பொறந்ததுல இருந்து அவளை அப்படிக் கத்தினது இல்ல. பதறிப்போய் கையை இழுத்து முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டா. அதுவும் தப்பு, அவனுக்குக் கை தெரியணும். "கையை வெளிய எடும்மா, அவன் பாக்கற மாதிரி வை"ன்னு மறுபடி சொன்னேன். டாஷ்போர்டு மேல பத்து விரலையும் விரிச்சு வச்சா, வளையல் கலகலன்னு ஆடுது.

அவன் நல்ல மனுஷன். புரிஞ்சுக்கிட்டான், வார்னிங் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். அம்மா வழியில ஒரு வார்த்தை பேசல. ராத்திரி சொதி ஊத்தறப்ப கரண்டி தட்டுல தட்டிக்கிட்டே இருந்துச்சு.

கேட்டி அண்ணாச்சி

ப்ளேனோ தம்பி, க்ளோவ் பாக்ஸ்ல வச்சதுதான் முதல் தப்பு. பேப்பர் ஒரு இடம், கன் வேற இடம்னு எந்தக் கிளாஸ்லயும் முதல்ல சொல்லித் தருவாங்க. இன்சூரன்ஸ் காகிதத்தை சன் வைசர்ல வைங்க. வண்டி நின்ன உடனே உள் விளக்கைப் போடுங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும்.

2021 செப்டம்பர் 1ல இருந்து டெக்சாஸ்ல 21 வயசு ஆன, தடை எதுவும் இல்லாத ஆளுக்கு லைசென்ஸே வேண்டாம், அப்புறம் எதுக்கு எல்டிசின்னு என்கிட்ட தினம் ஒருத்தர் கேக்கறாங்க. வேணும். மத்திய அரசுச் சட்டப்படி பள்ளிக்கூடத்தைச் சுத்தி ஆயிரம் அடிக்குள்ள லோடு பண்ணின கன்னோட போகக் கூடாது. அந்த ஸ்டேட் லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு. ஊருக்குள்ள எந்தத் தெருவுல போனாலும் ஒரு ஸ்கூல் வந்துடும், யோசிச்சுப் பாருங்க. பக்கத்து ஸ்டேட்டுக்குப் போனாலும் லைசென்ஸ்தான் பேசும். கடையில வாங்கறப்ப எஃப்பிஐ செக்குக்குக் காத்திருக்கவும் வேண்டாம். 2024 கணக்குப்படி லைசென்ஸ் இல்லாமலே எடுத்துப் போகலாம்னு 29 ஸ்டேட் வந்தாச்சு, ஆனா ஒண்ணொண்ணுலயும் வயசு வேற, இடம் வேற. வெர்மான்ட்ல எந்தக் காலத்துலயும் பெர்மிட்னு ஒண்ணு இருந்ததே இல்ல. போஸ்ட் ஆபீஸ் பார்க்கிங்குக்குள்ளகூட எடுத்துட்டுப் போகாதீங்க, அது மத்திய அரசு இடம். பார் வாசல்ல சிவப்புல 51 சதவீதம்னு போர்டு (வருமானத்துல பாதிக்கு மேல மதுவுல வர்ற இடம்னு அர்த்தம்) இருந்தா கன்னோட உள்ள காலே வைக்கக் கூடாது.

பக்ஸ் கவுன்டிக்காரரே, உங்களுக்கும் ஒண்ணு. நீங்க வீட்டுக்குத் திரும்பியே இருக்க வேண்டாம். தோட்டாவைக் கழட்டிட்டு டிக்கியில பூட்டி வச்சா 1986 சட்டம் உங்களைக் காப்பாத்தும்.

என் அனுபவம்னா, மால் வாசல்ல, மறைச்சு வச்ச கன்னோட உள்ள வராதேன்னு சொல்ற 30.06 போர்டைக் கவனிக்காம கன்னோட உள்ள போய், பாதியில பாத்துட்டு வெளிய வந்தேன். அவ்வளவுதான்.

எடிசன் வாசி

அண்ணாச்சி, கடைசியில சொன்ன யோசனையை யாரும் நம்பிடாதீங்க. 1986 சட்டம் வழிப்போக்கனுக்கு. கன்னை எடுத்துட்டுப் போக உங்களுக்கு உரிமை இருக்கற இடத்துல கிளம்பி, அதே உரிமை இருக்கற இன்னொரு இடத்துக்குப் போறப்ப, நடுவுல இருக்கற ஸ்டேட்டைத் தாண்டறதுக்கான பாதுகாப்பு அது. அவர் போன இடமே நியூஜெர்சி. காதுகுத்து முடியற வரைக்கும் கோவில் பார்க்கிங்ல வண்டி நிக்கும். அது எப்படி வழிப்பயணம் ஆகும்? அவர் திரும்பினதுதான் சரி. டெக்சாஸ் கண்ணோட எங்க ஊரைப் பாக்காதீங்க.

என் கதை வேற மாதிரி. 2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் ப்ரூயென் தீர்ப்பு வர்ற வரைக்கும் இங்க சாதாரண ஆளுக்குப் பெர்மிட் கிடைச்சதே இல்ல. 'நியாயமான தேவை'யை நிரூபிக்கணும், யாராலயும் நிரூபிக்க முடியாது. தீர்ப்புக்கு அப்புறம் அந்த நிபந்தனையை நீக்கிட்டு, அந்த வருஷம் டிசம்பர்லயே புதுச் சட்டம் கொண்டு வந்தாங்க. 200 டாலர், ரேஞ்ச்ல தேர்வு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இதெல்லாம்கூடப் பரவாயில்ல. நாலு பேர் நற்சாட்சி சொல்லணும். சொந்தக்காரங்க கூடாது, மூணு வருஷமாவது நம்மளைத் தெரிஞ்சிருக்கணும்.

இங்க எனக்கு மூணு வருஷமா தெரிஞ்ச, சொந்தமில்லாத ஆள்னா யாரு? எங்க தமிழ்க் கூட்டம்தான். பசங்களைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போற இடத்துல பழக்கமான ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். கையில வச்சிருந்த காப்பியைக் கீழே வச்சார். "உனக்கு எதுக்குப்பா துப்பாக்கி? வீட்ல ஏதாவது பிரச்சினையா?"ன்னார். எங்க தெருவுல ஆறு மாசத்துல ரெண்டு வீடு உடைச்சிருந்தாங்க, தங்கம் இருக்கும்னு நம்ம ஆளுங்க வீடா பாத்து. அதைச் சொன்னேன். தலையாட்டினார், கையெழுத்து மட்டும் போடல.

ஆபீஸ்ல ரெண்டு வெள்ளைக்காரங்க, ஒரு பஞ்சாபி, பக்கத்து வீட்டு அம்மா. நாலு பேர் சேந்துட்டாங்க, பெர்மிட்டும் வந்துடுச்சு. ஆனா அதுக்கு அப்புறம் சனிக்கிழமை என் பையனோட விளையாட வந்துக்கிட்டிருந்த ரெண்டு பசங்க வர்றதை நிறுத்திட்டாங்க. காரணம் யாரும் சொல்லல. பையன் இன்னும் வாசல் ஜன்னல்கிட்டயே நிக்கறான்.

சிகாகோ நைட் டூட்டி

நான் நர்ஸ். பதினொன்றரைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு ஸ்டேஷனுக்கு ஏழு நிமிஷம் நடக்கணும். ஒரு ராத்திரி ஒருத்தன் பின்னாடியே வந்தான். அதைப் பத்தி எழுத மாட்டேன்.

இல்லினாய்ல முதல்ல ஃபாய்ட் கார்டு, கன் வச்சுக்க ஸ்டேட் குடுக்கற அடையாள அட்டை, அது இல்லாம தோட்டாகூட வாங்க முடியாது. அப்புறம் 16 மணி நேரக் கிளாஸ், 150 டாலர். கைரேகை குடுத்தா 90 நாள், குடுக்கலைன்னா 120 நாள். குடுக்கலாம்னு போனேன். என் ரேகை விழல. நாளைக்கு அறுபது எழுபது தடவை சானிடைசர் போடற கை. அந்தப் பையன் ஒவ்வொரு விரலா லோஷன் தடவி, அழுத்தி, உருட்டிப் பாத்துட்டு, "உங்க விரல்ல ஒண்ணுமே இல்லையே மேடம்"னான். நாலாவது தடவைதான் விழுந்துச்சு.

ரேஞ்ச்ல 5, 7, 10 கஜத்துல பத்துப் பத்தா 30 ரவுண்டு. முதல் குண்டு வெடிச்சப்ப சூடான காலித் தோட்டா என் கழுத்துப் பட்டைக்குள்ள விழுந்துச்சு. துள்ளிக் குதிக்காம, துப்பாக்கியை முன்னாடி பாத்தே பிடிச்சுக்கிட்டு, மெதுவா மேசையில வச்சேன். சொல்லிக் குடுத்தவர் அதுக்கே பாராட்டினார். தழும்பு இருக்கு.

லைசென்ஸ் வந்த அன்னைக்குத்தான் சட்டத்துல தடை இடங்கள் பட்டியலை நிதானமாப் படிச்சேன். ஆஸ்பத்திரிக்குள்ள கூடாது. பஸ், ட்ரெயின்ல கூடாது. எனக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக்கும் ட்ரெயினுக்கும் நடுவுல இருக்கற ஏழு நிமிஷம். அந்த ரெண்டு முனையிலயும் தடை. கிளாஸ்ல இதைச் சொல்லலைன்னு சொல்ல மாட்டேன், சொன்னாங்க. நான் அப்ப என் தெருவை வச்சு யோசிக்கல. ஒரு நாள்கூட எடுத்துட்டுப் போனதில்ல.

கேட்டி அண்ணாச்சி

தங்கச்சி, கார் வாங்கிடுங்க. இல்லினாய்ல தடை இடத்துப் பார்க்கிங்ல வண்டிக்குள்ள பூட்டி வைக்க அனுமதி உண்டு. கைப்பையில வைக்கற பழக்கம் வேண்டாம், பையைப் பிடுங்கினா கன்னும் போச்சு. பெப்பர் ஸ்ப்ரேயும் ஒண்ணு வச்சுக்கோங்க.

சிகாகோ நைட் டூட்டி

அண்ணா, கார் இருந்தா நான் ஏன் நடக்கறேன்? யோசனை கேட்டு எழுதல. ஏழு நிமிஷம் எப்படி இருக்கும்னு சொல்லத்தான் எழுதினேன்.

ராலே அப்பா

நான் யாழ்ப்பாணம். எனக்குத் துவக்கு வேண்டாம், வீட்டிலயும் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். மகன் இஞ்ச பிறந்தவன், கேக்கேல்லை. நோர்த் கரோலைனாவில எட்டு மணித்தியால வகுப்பு, ஷெரிஃபிட்டைப் பெர்மிட். எடுத்துப்போட்டுத்தான் எனக்குச் சொன்னவன்.

போன மாசி மாசம் இரவு ரெண்டுபேரும் காரில வரேக்க பொலிஸ் மறிச்சது. இஞ்ச சட்டப்படி அவங்கள் கேக்க முதலே சொல்லவேணும். மகன் கண்ணாடியைப் பதிச்சு, "பெர்மிட் இருக்கு, வலப்பக்க இடுப்பில பிஸ்டல் இருக்கு" எண்டு பேர் சொல்லுற மாதிரி அமைதியாச் சொல்லுறான். பொலிஸும் "சரி, அதில கை வையாதை" எண்டு சொல்லிப்போட்டு லைசென்சைப் பாக்குது.

அந்த நேரம்தான் கவனிச்சன், என்ர ரெண்டு கையும் தலைக்கு மேல நிக்குது. எப்ப தூக்கினனான் எண்டு எனக்கே தெரியாது. முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னம் சென்றியில, சோதனைச் சாவடியில, நிண்ட மாதிரி. பொலிஸ் என்னைப் பாத்து, "சேர், நீங்கள் கையை இறக்கலாம்" எண்டது. எனக்கு இறக்க ஏலாமல் கிடந்தது. மகன்தான் ஒரு கையைப் பிடிச்சு மெல்ல இறக்கிவிட்டவன்.

ஐ140 காத்திருப்பு

எச்1பி வேலை விசாவுல இருக்கறவங்க இதையெல்லாம் படிச்சிட்டு ஃப்ரெண்டோட ரேஞ்சுக்குக் கிளம்பிடாதீங்க. வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் அது கையில வச்சிருந்ததாத்தான் கணக்கு. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு, அது இல்லைன்னா மத்திய அரசுக் குற்றம். கிரீன் கார்டு வந்தா அந்தத் தடை இல்ல. டீம் அவுட்டிங்ல என் கையில திணிச்சாங்க, ஒரு போட்டோவுக்குத்தானேன்னு. ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக் குரூப் போட்டோவுலயும் அப்படித்தான் நிக்கறேன்.

பக்ஸ் கவுன்டி கடைக்காரன்

எடிசன் சார், நன்றி. திரும்பினது சரிதான்னு ஒருத்தர் சொல்லிக் கேக்க ஒரு வருஷம் ஆச்சு. இந்த வாரம் தங்கச்சிகிட்ட உண்மையைச் சொல்லலாம்னு இருக்கேன்.

ப்ளேனோ தம்பி, அம்மா அப்புறம் அமெரிக்கா வந்தாங்களா?

பாளையங்கோட்டை டு ப்ளேனோ

தை மாசம் வந்தா. இப்ப கன்னுக்கு சீட்டுக்கு அடியில பூட்டுப் பெட்டி, பேப்பர் வைசர்ல. ஏர்போர்ட்லயே அதையெல்லாம் காட்டினேன். "சரி ராசா"ன்னு கேட்டுக்கிட்டா. முன் கதவைத் திறந்து விட்டேன். பின்னால போய் உக்காந்துக்கிட்டா.