இரண்டு மாற்றமும் ஒரே வைரஸில்தானா? வழி சொல்லுங்கள்

வணக்கம். வைரஸ் மரபணு வரிசையில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

பாக்ஸ்லோவிட் மாத்திரையில் உள்ள நிர்மட்ரெல்விர், கொரோனா வைரஸின் முதன்மை புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும்) நொதியை முடக்குகிறது. அந்த நொதியின் 166ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் போய் வாலின் வந்துவிட்டால் மருந்து சரியாக ஒட்டாது. ஆனால் வைரஸும் பலவீனமாகிவிடும். 50ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஃபினைல்அலனின் வந்தால், இழந்த பலத்தில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. அதனால்தான் இந்த ஜோடியைக் கண்டால் எனக்குக் கவலை.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவரின் மாதிரியில் இரண்டுமே தெரிகின்றன, ஆனால் சிறு பங்காக. 166இல் மூன்றெழுத்து மரபுக்குறியின் நடு எழுத்து மட்டும் 'ஏ'யிலிருந்து 'யூ' ஆகியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இரண்டு இடங்களுக்கும் நடுவே 348 எழுத்துகள். கருவி படித்துத் தந்த என் துண்டுகளோ 150 எழுத்து நீளம்தான். ஒரே வைரஸில் இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா, தனித்தனி வைரஸ்களிலா என்று பிரித்தறிய முடியவில்லை.

நீண்ட துண்டுகளைப் படிக்கும் நானோபோர் கருவியில் இந்தப் பகுதியை முழுசாகப் படித்தவர்கள் இருக்கிறீர்களா? இவ்வளவு குறைந்த பங்கை அதன் பிழைகளிலிருந்து எப்படிப் பிரிப்பது? அப்புறம், பிசிஆரின்போதே (மரபுப்பொருளை நகலெடுத்துப் பெருக்கும்போதே) இரண்டு வைரஸ்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு போலி ஜோடி உருவாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? மீதமிருக்கும் மாதிரி மிகக் கொஞ்சம், ஒருமுறைதான் செய்ய முடியும்.