வடக்குத் தெரு வீடு 🏠 குழு: பரணில் இருந்து இறங்கிய 11 கேசட்

ஞாயிறு

[காலை 9:04] செல்வி: வெள்ளையடிக்க ஆள் வந்தாச்சு. பரண் பூரா இறக்கியாச்சு. வீடியோ கேசட் 11 இருக்கு. கேசட் ஓட்டுற டெக்கு ஒண்ணு, ரிமோட் இல்ல. பழைய சாமான்காரன்ட்ட போட்டுரவா?

[9:05] சரோஜா அத்தை: போடாத

[9:05] மூர்த்தி சித்தப்பா: போடாதே. டெக்கில் கேசட்டை நுழைத்து ஓட்டியும் பார்க்காதே. விவரம் எழுதுகிறேன்.

[9:06] கார்த்தி: விவரம் வருதுல. எல்லாரும் காப்பி குடிச்சிட்டு வாங்க

[9:07] பாலா: மேல என்ன எழுதிருக்கு செல்வி?

[9:12] செல்வி: 📷 படம்

[9:13] செல்வி: ஒளியும் ஒலியும் 3. மகாபாரதம் 2. பாட்டுக்குப் பாட்டு சன் டிவி 1. சப்தஸ்வரங்கள் 1. கண்மணிப் பூங்கா + எதிரொலி 1. இலங்கை டிவி ரூபவாஹினி கிரிக்கெட் 1. எழுதாதது 1. கடைசி ஒண்ணுல "சரோ கல்யாணம்"னு எழுதி, அதை அடிச்சு, மேல "ஒ.ஒ."ன்னு போட்டிருக்கு

[9:13] சரோஜா அத்தை: யாரு அடிச்சது

[9:14] சரோஜா அத்தை: கையெழுத்த பெருசா எடுத்து அனுப்பு

[9:14] ராமு மாமா: ஆரம்பிச்சாச்சு 🙏

[9:15] பாலா: அப்பாவோட எண்பதாம் கல்யாணத்துக்கு சாயங்காலம் 6:30ல இருந்து 8 வரைக்கும் மண்டபத்துல ஒண்ணுமே இல்லன்னு நேத்து பேசினோம்ல. இதத்தான் போடணும். பழைய டிவி துணுக்கு, நடுவுல வினாடி வினா, கடைசியில பாட்டுக்குப் பாட்டு

[9:15] செல்வி: 👍👍

[9:16] கோமதி பெரியம்மா: முதல்ல இட்லிக்கு எத்தன பேருன்னு சொல்லுங்க

[9:21] மூர்த்தி சித்தப்பா: முதலில் பூசணம் பார்க்க வேண்டும். கேசட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால்தான் முன் மூடி திறக்கும். டேப்பை விரலால் தொடக் கூடாது. பிறகு மேல் ஜன்னல் வழியாகச் சுருளின் தட்டையான பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார். கன்னங்கரேலென்று பளபளப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் புள்ளியோ, சாம்பல் நிறத் தூளோ, வெள்ளை நூல் மாதிரியோ தெரிந்தால் பூசணம். அதைத் தனிப் பையில் போட்டுக் கட்டு. பூசணம் பிடித்த கேசட் ஒன்றை ஓட்டினால் தூள் டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். மூக்கை மூடிக்கொண்டு பார், தும்மல் வரும்.

[9:22] ராமு மாமா: கடக்கரை ஊர்ல பரண்ல வச்சா பூசணம் வராம பவுனா வரும்

[9:29] செல்வி: பாத்தாச்சு. 7 சுத்தமா இருக்கு. மகாபாரதம் ரெண்டும் வெள்ளை. எழுதாததும் வெள்ளை. கிரிக்கெட்டுல ஓரமா கொஞ்சம்

[9:30] கார்த்தி: மகாபாரதம் போனா போவுது. அது எல்லா இடத்துலயும் கிடைக்கும்

[9:31] மூர்த்தி சித்தப்பா: சரியாகச் சொன்னாய். நாடு முழுக்க ஓடியதை யாரோ ஒருவர் வைத்திருப்பார். பிரசார் பாரதி ஆர்க்கைவ்ஸ் யூடியூப் சேனலிலேயே தூர்தர்ஷனின் பழைய சரக்கு நிறைய ஏற்றியிருக்கிறார்கள். சென்னை நிலையம் மட்டும் ஒளிபரப்பிய கண்மணிப் பூங்கா, எதிரொலி இரண்டும் அப்படிக் கிடைப்பது அரிது. அதுதான் முதல். நடுவில் வந்த விளம்பரத்தையும் செய்தி வாசிப்பையும் வெட்டாதே, அதற்குத்தான் மண்டபத்தில் கைதட்டு விழும்.

[9:32] பாலா: செய்தி வாசிக்க ஷோபனா ரவி வந்தா அம்மா எந்திரிச்சு நின்னு புடவையப் பாப்பா

[9:32] கோமதி பெரியம்மா: கொண்டை

[9:33] கோமதி பெரியம்மா: இட்லி எத்தன

[9:40] சரோஜா அத்தை: மூர்த்தி அண்ணே. என் கல்யாணக் கேசட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே

[9:41] கார்த்தி: சித்தப்பா டைப்பிங்… டைப்பிங்…

[9:46] கார்த்தி: இன்னும் டைப்பிங்

[9:49] மூர்த்தி சித்தப்பா: கேசட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் டெக்கு அதில் பதிவு செய்யாது. கல்யாண வீடியோக்காரர்கள் உடைத்தே கொடுப்பார்கள். செல்வி, அந்த இடம் எப்படி இருக்கிறது?

[9:51] செல்வி: ஓட்டை இருக்கு. அது மேல செலோடேப் ஒட்டிருக்கு

[9:51] ராமு மாமா: 😳

[9:52] பாலா: ஓட்டைய மூடினா திரும்பப் பதியும்ல. அப்ப தெரிஞ்சேதான் ஒட்டிருக்காவ

[9:52] சரோஜா அத்தை: வெள்ளிக்கிழமை பாட்டுக்கு ஒரு வெத்துக் கேசட் வாங்க துட்டு இல்லையாக்கும்

[9:53] கோமதி பெரியம்மா: அவுக கையெழுத்து இல்ல அது. அவுக ஒ இப்படிப் போட மாட்டாக

[9:53] செல்வி: அப்ப வீட்டுல யாரு இருந்தா

[9:54] ராமு மாமா: மூர்த்தி மச்சான் அந்த வருசம் சும்மாதான இருந்தாரு

[9:58] மூர்த்தி சித்தப்பா: யார் என்பது இப்போது பயன்படாது. பதியும்போது ஹெட்டுக்கு முன்னாலேயே ஒரு அழிப்பு ஹெட் டேப்பின் முழு அகலத்தையும் துடைத்துவிடும். அடியில் பழையது ஒளிந்திருக்காது, எந்தக் கடையாலும் எடுத்துத் தர முடியாது. ஆனால் புதிய பதிவு எங்கே நிற்கிறதோ அதற்குப் பின்னால் பழையது அப்படியே இருக்கும். ஒளியும் ஒலியும் அரை மணி நேரம். இ-180 கேசட் மூன்று மணி நேரம். கணக்குப் போட்டுக்கொள்.

[9:59] சரோஜா அத்தை: முதல் அரை மணி மாப்பிள்ளை அழைப்புதான். தாலி கட்டு ஒரு மணி நேரம் தாண்டித்தான் வரும்

[10:00] ராமு மாமா: அப்ப நான் கார்ல வந்ததுதான் போச்சா. அந்தக் கோட்டு 😔

[10:01] செல்வி: அத்தை… ஒ.ஒ. பக்கத்துல பொடிசா 1, 2, 3ன்னு போட்டிருக்கு

[10:06] சரோஜா அத்தை: மூணு வாரமா

[10:06] பாலா: இட்லி 140ன்னு வச்சுக்கோம்மா. தலைக்கு 3. கணக்குப் பண்ணிக்கோ

[10:07] கோமதி பெரியம்மா: 140 இட்லியா 140 பேரா

[10:15] மூர்த்தி சித்தப்பா: இப்போது டெக்கு. இத்தனை வருடம் சும்மா கிடந்ததில் பெல்ட் தளர்ந்து கொழகொழவென்று ஆகியிருக்கும், டேப்பை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் ரப்பர் இறுகிப் பளபளவென்று ஆகியிருக்கும். அந்த நிலையில் ஓட்டினால் டேப்பை இழுக்கும், ஆனால் சுருட்டாது. உள்ளேயே சேர்ந்து மென்றுவிடும். அதனால் முதலில் வேண்டாத சினிமாக் கேசட் ஒன்றைப் போட்டுச் சோதி. முன்னே ஓட்டு, பின்னே ஓட்டு, எஜெக்ட் பண்ணு. மூன்றும் ஒழுங்காக நடந்தால்தான் நம் கேசட்.

ஹெட் துடைக்கப் பஞ்சு சுற்றிய குச்சி கூடவே கூடாது, பஞ்சு நூல் மாட்டினால் ஹெட் பெயர்ந்துவிடும். வெள்ளைத் தாள் ஒரு துண்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் பதித்த டிரம்மின் மேல் அசையாமல் ஒட்டிப் பிடி. இன்னொரு கையால் டிரம்மை மேலிருந்து மெதுவாகச் சுற்று. தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். தாளில் பழுப்புக் கோடு வருவது நின்றால் சுத்தம். கால் மணி நேரம் காயவிடு. மின்சாரம் பிடுங்கியிருக்க வேண்டும்.

[10:16] கார்த்தி: சானிடைசர் போட்டா?

[10:16] மூர்த்தி சித்தப்பா: கூடாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், படியும்.

[10:18] பாலா: இந்தப் பெல்ட் எல்லாம் இப்ப எங்க கிடைக்கும்? நல்ல டெக்கு ஒண்ணு வெளிய இருந்தா சோலி முடிஞ்சுது

[10:19] கோமதி பெரியம்மா: நல்ல நேஷனல் டெக்கு சரோஜா வீட்டுலதான இருக்கு. நம்ம வீட்டுதுதான் அது. பாத்துட்டுத் தாரேன்னு தூக்கிட்டுப் போனது

[10:20] சரோஜா அத்தை: மதினி அது நீங்க வச்சுக்கோன்னு குடுத்தது

[10:20] ராமு மாமா: துணி போத்தி வச்சிருக்கேன். ஓடும்

[10:21] பாலா: அப்ப கொண்டு வாங்க மாமா

[10:22] ராமு மாமா: பாப்போம்

[10:24] ராமு மாமா: அது கெடக்கட்டும். ரூபவாஹினி கேசட்டக் குப்பையில போட்றாதிய. அதுக்கு நான் மொட்டை மாடியில நின்ன நிலை எனக்குத்தான் தெரியும். தூத்துக்குடியில இருந்து கொடைக்கானல் டவருக்கு ஆன்டெனா வடமேக்கப் பாக்கணும், ரூபவாஹினிக்கு தென்கிழக்க. கிட்டத்தட்ட எதிர்

[10:25] செல்வி: இலங்கை கிழக்கு இல்லையா மாமா

[10:27] ராமு மாமா: டவர் பிதுருதலாகல மலையில. அங்க உள்ளதிலேயே உசரமான மலை, 2,524 மீட்டர். நடுவுல கடல், மறைக்க ஒண்ணும் கிடையாது. சித்திரை வைகாசியில காத்து இல்லாத ராத்திரி கண்ணாடி மாதிரி தெரியும்

[10:29] மூர்த்தி சித்தப்பா: கடல் மேல் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் அடுக்காக நின்றால் சிக்னல் மேலே போகாமல் வளைந்து கடலை ஒட்டியே ஓடும். காற்று அடித்தால் அடுக்கு கலையும், படம் போய்விடும். இரண்டு நாட்டிலும் பால்-பி என்ற ஒளிபரப்பு முறைதான் என்பதால் நம் டிவியில் கலரும் சத்தமும் சேர்ந்தே வந்தது. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை ஆன்டெனா பக்கத்தில் வைக்க வேண்டும், டிவி பக்கத்தில் வைத்தால் பொறியையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

[10:30] ராமு மாமா: பூஸ்டரக் கீழ வச்சது யாருன்னு கேளு

[10:31] கார்த்தி: மாமா வினாடி வினாவுக்கு வாங்க

[10:33] செல்வி: கேள்வி போட்டுருக்கேன். தப்பு இருந்தா சொல்லுங்க. சென்னைத் தொலைக்காட்சி எப்ப தொடங்குச்சு, 1975 ஆகஸ்ட் 15. ராமாயணம் எப்ப, 1987 ஜனவரி 25. மகாபாரதம், 1988 அக்டோபர் 2. சன் டிவி, 1993 ஏப்ரல் 14. ரூபவாஹினி, 1982 பிப்ரவரி 15

[10:34] பாலா: பரீட்சையா நடத்துதே? தேதி யாருக்கும் தெரியாது. ஆளக் கேளு. சப்தஸ்வரங்கள் யாரு?

[10:34] சரோஜா அத்தை: ஏ.வி. ரமணன்

[10:34] பாலா: காமெடி டைம்?

[10:35] கார்த்தி: அர்ச்சனா, சிட்டிபாபு

[10:35] பாலா: இளமை புதுமை

[10:35] கார்த்தி: சொர்ணமால்யா ❤️

[10:35] செல்வி: அந்த ஹார்ட்ட உன் பொண்டாட்டி பாக்குதா

[10:36] பாலா: ஜாக்பாட் குஷ்பு. தங்க வேட்டை ரம்யா கிருஷ்ணன். பெப்சி உமா எல்லாருக்கும் தெரியும், அதக் கேக்காண்டாம். அரட்டை அரங்கம்?

[10:36] ராமு மாமா: விசு

[10:37] கார்த்தி: டி.ராஜேந்தர்

[10:37] ராமு மாமா: விசு லே

[10:38] பாலா: ரெண்டும் சரி. முதல்ல விசு, பின்னால டி.ஆர். விசு ஜெயா டிவிக்குப் போயி மக்கள் அரங்கம் நடத்தினாரு. அதனால கேள்வியே "அரட்டை அரங்கத்தை விசுவுக்குப் பிறகு நடத்தினது யாரு"ன்னு வையி. இல்லன்னா மண்டபத்துல சண்டை

[10:40] மூர்த்தி சித்தப்பா: பாட்டுக்குப் பாட்டுக்கு பி.எச். அப்துல் ஹமீது என்று மட்டும் போடாதே. அது முதலில் இலங்கை வானொலியில் வந்தது, பிறகுதான் சன் டிவியில் "லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு". தூத்துக்குடிக்காரர்களுக்கு இது கௌரவப் பிரச்சினை. உச்சரிப்புக்காகவே உட்கார்ந்து கேட்ட நிகழ்ச்சி, நடத்துகிறவர் ழகரம் பிசகினால் மேடையை விட்டு இறக்கிவிடுவேன்.

[10:41] செல்வி: அப்ப நான் நடத்தல 🙋 பாலா நடத்தட்டும்

[10:41] பாலா: நான் பந்தி

[10:43] சரோஜா அத்தை: சீட்டுல ங ண ழ ள ற ன எழுதாதிய. அதுல பாட்டே தொடங்காது. அ ஆ இ உ எ ஒ, க ச த ந ப ம ய வ போதும். ர வைக்கலாம், ராஜா ரோசான்னு எதாவது வரும். கன்னா கா கி கு எல்லாம் சேத்தி. பல்லவிதான், சரணம் செல்லாது. 10 எண்ணுறதுக்குள்ள தொடங்கணும், ரெண்டு வரி பாடினா போதும். பாடின பாட்ட ஒருத்தி எழுதிட்டே வரணும், இல்லன்னா "மு"வுக்கு ஒரே பாட்ட மூணு பேர் பாடுவாவ

[10:44] கார்த்தி: அத்தைதான் நடத்தணும். முடிஞ்சுது

[10:44] சரோஜா அத்தை: கேசட்டுக்கு பதில் வரட்டும், சொல்லுதேன்

[10:52] மூர்த்தி சித்தப்பா: கம்ப்யூட்டரில் ஏற்றுவது. டெக்கின் மஞ்சள், வெள்ளை முனையில் இருந்து படத்தை ஃபைலாக மாற்றும் யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக். அதை லேப்டாப்பில் நேராகச் செருகு, ஹப் வேண்டாம், பிரேம் விடும். மென்பொருள் ஓபிஎஸ் போதும், இலவசம். அமைப்பில் பால்-பி என்று தேர்ந்தெடு. அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக உருளும், டெக்கு கெட்டது என்று எல்லாரும் நினைப்பார்கள். அளவு 720க்கு 576, வினாடிக்கு 25 பிரேம். படக் கோடுகளைச் சேர்க்கும் டீஇன்டர்லேஸ் அமைப்பில் யாடிஃப். இல்லாவிட்டால் ஆள் கையை ஆட்டும்போது ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். ஒலி மோனோ, அதை அப்படியே விட்டால் ஒரு ஸ்பீக்கரில்தான் பேசும். 8 எம்பிபிஎஸ் வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி, ஒரு கேசட் கிட்டத்தட்ட 11 ஜிபி. லேப்டாப் நடுவில் தூங்காதபடி செட்டிங் மாற்று. முதலில் கேசட்டைக் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்று. வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுருள் தளரும்.

[10:53] கார்த்தி: 🙏

[10:53] ராமு மாமா: படிச்சிட்டேன்

[10:54] பாலா: நீங்க படிக்கல மாமா

[10:56] மூர்த்தி சித்தப்பா: நீலத்திரை அடிக்கடி வந்தால் பயப்படாதே. சிக்னல் நலிந்த இடத்தில் டெக்கே மறைக்கிறது, மெனுவில் அதை அணைத்துவிடலாம். படத்தின் அடியில் பொறிக் கோடு வந்தால் டெக்கின் டிராக்கிங் பொத்தானைத் திருகு. பூசணம் பிடித்த நான்கையும் இந்த டெக்கில் போடவே கூடாது, அது தனி வேலை.

[10:57] செல்வி: 7 கேசட்டுக்கே 21 மணி நேரம் ஆகுமே. நாள் இருக்கா?

[10:58] பாலா: கண்மணிப் பூங்கா, பாட்டுக்குப் பாட்டு, சப்தஸ்வரங்கள், ஒ.ஒ. ஒண்ணு. நாலே போதும். ஒவ்வொண்ணுலயும் 2 நிமிசம் வெட்டி எடு

[10:58] சரோஜா அத்தை: கல்யாணம்

[10:59] பாலா: சரி, அஞ்சு

[11:02] மூர்த்தி சித்தப்பா: மண்டபத்துக்காரரிடம் சொல்லி வை. சதுரப் படத்தை அகலத்திரைக்கு இழுத்துவிடுவார்கள், போன தடவை எல்லார் முகமும் பூரி மாதிரி வந்தது அதனால்தான். 4:3 என்று வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பாக விடச் சொல். பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. துணுக்குகளாக வெட்டு. யூடியூபில் யாரும் ஏற்ற வேண்டாம், சினிமாப் பாட்டு என்றால் உரிமைக்காரர் உடனே முடக்குவார்கள்.

[11:03] கார்த்தி: கேப்சர் ஸ்டிக் யாரு வாங்குறது?

[11:09] கார்த்தி: 👆

[11:15] கோமதி பெரியம்மா: அவுக கேக்காக, வயலும் வாழ்வும் இல்லையான்னு

[11:15] செல்வி: 😂 அத யாரும்மா பதிவு பண்ணுவா

[11:17] பெரியப்பா: 🎤 குரல் செய்தி (0:41)

[11:19] பாலா: 😂😂😂

[11:19] செல்வி: ஐயோ அப்பா

[11:20] சரோஜா அத்தை: அண்ணே நீங்க மூர்த்தி அண்ணனுக்குப் பரிஞ்சு பேசாதிய. செலோடேப் ஒட்டினது யாருன்னு நான் நேர்ல வந்து கேட்டுக்கிடுதேன்

[11:21] ராமு மாமா: நேர்ல வந்தா டெக்கு எடுத்துட்டு வரணுமே

[11:21] சரோஜா அத்தை: வரும்போது எடுத்துட்டு வாரேன். திருப்பிக் கொண்டு போயிருவேன்

[11:22] கோமதி பெரியம்மா: அத அன்னைக்குப் பாப்போம்

[11:24] மூர்த்தி சித்தப்பா: டெக்கை வண்டியில் படுக்கை வசமாக வைத்துக் கொண்டு வா. ஏசி காரில் வந்தால் இறக்கியதும் ஓட்டாதே, உள்ளே ஈரம் பூத்திருக்கும், இரண்டு மணி நேரம் அறையில் வை.

[11:25] சரோஜா அத்தை: இதுக்கு மட்டும் உடனே பதில் வருது

[11:31] கார்த்தி: ஸ்டிக்கு 👆👆

[11:32] பாலா: நீயே வாங்கிரு, பின்னால பிரிச்சுக்கலாம்

[11:32] கார்த்தி: பின்னாலன்னா

[11:40] கோமதி பெரியம்மா: 140 இட்லின்னா காணாது. பேரு எத்தனன்னு சொல்லுங்க, மாவுக்காரி நிக்கா