கல்லெறிந்தது பயமா, கொழுப்பா?

ஆவடிக்காரன்:
2020 ஏப்ரல் 19. கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவரைச் சென்னை வேலங்காடு மயானத்தில் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. கடைசியில் அவரோடு வேலை பார்த்த மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். இதையும் ‘நோய் பயத்தின் உளவியல்’ என்கிறார்கள். எனக்கு இது வெறும் கொழுப்பு.

நிலா:
சரி, அடுத்த ஆறாம் நாள், முழு ஊரடங்குக்கு முன்பு, இதே சென்னைக்காரர்கள் கோயம்பேட்டில் முண்டியடித்துக் காய்கறி வாங்கினார்களே, அது எதில் சேர்த்தி? தொற்று பரவியது அந்தச் சந்தையில்தான். சாவு எண்ணிக்கையைப் பார்த்து மனிதர்கள் பயப்படுவதில்லை. புதிது, கண்ணுக்குத் தெரியாது, நம் கையில் இல்லை என்றால்தான் நடுங்குவார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987இலேயே எழுதிவிட்டார். காசநோயால் இந்தியாவில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் சாகிறார்கள், யார் கல்லெடுத்தார்கள்? சந்தைக்கு நாமாகப் போகிறோம். பிணவண்டி நம்மைக் கேட்காமல் வருகிறது. கூடவே அருவருப்பு, தீட்டு.

ஆவடிக்காரன்:
பயந்தவன் கதவைச் சாத்திக்கொள்வான். ராத்திரியில் ஆள் சேர்த்துக்கொண்டு தோளோடு தோள் உரசி நிற்பானா? கொரோனா பயமாம்!

கணக்கு வாத்தியார்:
கூட்டத்தில் நின்றால் பயம் கோபமாகிவிடும், அதனால்தான் நின்றார்கள். இன்னொன்று. நோயாளியைப் பார்த்தால் ஒதுங்கு என்று சொல்லிக் கொடுத்ததே நாம்தான். தொற்று வந்த வீட்டுக் கதவில் ஸ்டிக்கர், வாசலுக்குத் தகர அடைப்பு. எங்கள் தெருவில் தகரம் அடித்த வீட்டுக்குப் பால் பாக்கெட்டை எட்ட நின்று வீசினார்கள். போன் போட்டால் மணிக்குப் பதில் வந்த கொரோனா அறிவிப்பில் முதலில் கேட்டது இருமல்.

நிலா:
நோயாளியோடு சண்டை வேண்டாம், நோயோடு போடுங்கள் என்றும் அதே போனில் சொன்னார்கள், வாத்தியாரே. இருமல்தான் மனதில் நின்றது.

ஆவடிக்காரன்:
இப்படியே விளக்கிக்கொண்டிருங்கள். அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று அதே மாதம் 26இல் அவசரச் சட்டம் வந்ததே, அதுதான் இவர்களுக்குப் புரிகிற பாஷை.

நிலா:
சட்டம் வேண்டாமென்று யார் சொன்னது? வண்டி வருவதற்கு முன்பே ஒரு டாக்டர் அந்தத் தெருவில் நின்று, உடலை எப்படிச் சுற்றியிருக்கிறோம், எவ்வளவு ஆழத்தில் புதைப்போம் என்று பத்து நிமிடம் பேசியிருந்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மிச்சப் பேருக்கு உங்கள் சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்.