சிக்கட்டிலோவின் அண்ணனை யார் பார்த்தது?

கரிசல்மண்:
நள்ளிரவு வாசகன் நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ரஸ்தோவ் கொலைகாரன் ஆந்திரேய் சிக்கட்டிலோவின் அண்ணனைப் பஞ்சகாலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொன்று தின்றார்கள், அந்தக் காட்சிதான் அவனைக் கொலைகாரனாக்கியது" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகப் பாராட்டு வேறு. எந்தக் காட்சி ஐயா? உக்ரைனில் அந்தப் பெரும்பஞ்சம் 1932-33இல். சிக்கட்டிலோ பிறந்தது 1936 அக்டோபர் 16. மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவன் எதைப் பார்த்தான்? அப்புறம், ஸ்தெபான் என்று ஓர் அண்ணன் இருந்தானா என்பதே இன்றுவரை உறுதியாகவில்லை. பிறப்புப் பதிவு இல்லை, இறப்புப் பதிவு இல்லை. அம்மா அன்னா சொன்னாள் என்று மாட்டிக்கொண்ட பிறகு அவன் சொன்னான், அவ்வளவுதான். ஐம்பதுக்கு மேல் பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றவன் வாயிலிருந்து வந்த கதையை அஸ்திவாரமாக வைத்து வீடு கட்டுகிறீர்கள்.

நள்ளிரவு வாசகன்:
காட்சி என்று நான் எழுதியது மனத்தில் விழுந்த காட்சியை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்து "உன் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போய்த் தின்றுவிட்டார்கள், வெளியே போகாதே" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லி வளர்த்த பையன் அவன். பதிவு கேட்கிறீர்களே, 1933இல் உக்ரைன் கிராமங்களில் பிணங்களை அள்ளிக் குழியில் போடவே ஆள் இல்லை. நாலு வயதுக் குழந்தைக்கு யார் இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? மனித இறைச்சி தின்றதற்காக அந்த இரண்டு வருடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோவியத் அரசே தண்டித்தது. ஆக, நடக்க முடியாத விஷயம் ஒன்றும் இல்லை.

கரிசல்மண்:
நடக்க முடியும் என்பதும் நடந்தது என்பதும் ஒன்றா? ஊரில் திருட்டு நடந்தது என்பதற்காக உங்கள் வீட்டிலும் நடந்தது என்று எழுதிவிடலாமா? ஸ்தெபானுக்கு ஆதாரம் கேட்டேன். பஞ்சத்துக்குக் கேட்கவில்லை. பஞ்சம் நடந்தது, லட்சக்கணக்கில் செத்தார்கள், அதை நானும் மறுக்கவில்லை. ஸ்தெபான். அவனைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

செந்தோழர்:
கரிசல்மண் சொல்வதுதான் சரி. இந்த அண்ணன் கதையே சோவியத் நாட்டை அசிங்கப்படுத்த மேற்கத்தியப் பத்திரிகைகள் ஊதிவிட்ட கதை. 1990க்குப் பிறகு எதை எழுதினாலும் விலை போன காலம் அது.

கரிசல்மண்:
தோழர், எனக்கு நீங்கள் சாட்சிக்கு வர வேண்டாம். கதையைச் சொன்னவன் சிக்கட்டிலோ. மேற்கத்தியப் பத்திரிகை அப்புறம்தான் வந்தது.

நள்ளிரவு வாசகன்:
பார்த்தீர்களா, யாரெல்லாம் உங்கள் பக்கம் சேர்கிறார்கள் என்று. செந்தோழர் அவர்களே, பஞ்சத்தை மறைத்த அதே அரசுதான் இந்தக் கொலைகளையும் மறைத்தது. ரஸ்தோவ் சுற்றுவட்டாரத்தில் ரயில் நிலையங்களிலிருந்தும் பேருந்து நிலையங்களிலிருந்தும் பிள்ளைகள் காணாமல் போய், பாதையோரக் காடுகளில் உடல்கள் கிடைத்துக்கொண்டிருந்தபோது பல வருடம் பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. தொடர்கொலை என்பது முதலாளித்துவ நாட்டு நோய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெற்றோருக்கு எச்சரிக்கை கிடையாது. தெரியாத ஆளோடு போகாதே என்று பிள்ளையிடம் சொல்லக்கூட அந்தத் தாய்மார்களுக்குக் காரணம் தெரியாது.

செந்தோழர்:
பிடித்ததும் அதே நாட்டுப் போலீஸ்தான். அமெரிக்காவில் தொடர்கொலைகாரன் டெட் பண்டி காவலிலிருந்து இரண்டு முறை தப்பித்தான். அதை ஏன் எழுதவில்லை?

வெண்ணிலா:
இங்கே பண்டி எதற்கு வந்தான்? நான் கேட்க நினைத்தது வேறு. ஸ்தெபான் இருந்தானோ இல்லையோ, அம்மா அப்படிச் சொல்லி வளர்த்தாள் என்பது உண்மையானால் அந்தப் பயம் உண்மைதானே? போர், குண்டுவீச்சு, ஜெர்மன் படை, எரிகிற வீடுகள், எல்லாம் அந்தக் குழந்தை கண்ணெதிரே. அப்பா ரோமன் போருக்குப் போய் ஜெர்மானியரிடம் கைதியாகி, திரும்பி வந்தபோது துரோகி என்று பட்டம். 1946-47இல் மறுபடியும் பஞ்சம். பன்னிரண்டு வயதுவரை ரொட்டியே சாப்பிட்டதில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். படுக்கையில் சிறுநீர் போனால் அடி. கிட்டப்பார்வையால் கரும்பலகை தெரியாது, பள்ளியில் கேலி. இவ்வளவும் இருக்கும்போது ஸ்தெபானைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறீர்கள்?

கரிசல்மண்:
தொங்குவது நான் இல்லை சகோதரி. பதிவின் தலைப்பே அந்த அண்ணன்தான், போய்ப் பாருங்கள். இன்னொன்று. அந்த வீட்டில் 1943இல் பிறந்த தங்கை தத்தியானாவும் வளர்ந்தாள். அதே அம்மா, அதே பட்டினி. அப்பா அன்பானவர், அம்மாதான் கடுமையானவர் என்று பின்னாளில் சொன்னாள். அவள் யாரையும் கொல்லவில்லை. அந்தத் தலைமுறையில் உக்ரைனில் பிறந்த லட்சக்கணக்கான பேர் இதே புல்லையும் இலையையும் தின்று வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்துச் செத்தார்கள். பஞ்சம் கொலைகாரனை உருவாக்கியது என்று எழுதுவது அவர்கள் எல்லோரையும் கேவலப்படுத்துவது. எனக்குக் கோபமே அதில்தான். கேலி செய்யப்பட்ட பையன் என்கிறீர்கள். பதினாலு வயதில் பள்ளிப் பத்திரிகைக்கு ஆசிரியர், பதினாறு வயதில் மாணவர் கம்யூனிஸ்ட் குழுவுக்குத் தலைவர். ஒதுக்கப்பட்டவனுக்கா இதெல்லாம் கொடுத்தார்கள்? 1954இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க நுழைவுத் தேர்வு எழுதினான். தேறினான், ஆனால் இடம் கிடைக்கிற அளவு மதிப்பெண் இல்லை. உடனே "அப்பா துரோகி என்பதால் ஒதுக்கிவிட்டார்கள்" என்று ஒரு கதை. தன் தவறுக்கெல்லாம் இன்னொருவர் மேல் பழி போடுவது அவனுக்குப் பழக்கம். ஸ்தெபான் கதையையும் அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

நள்ளிரவு வாசகன்:
அப்படியானால் மாஸ்கோ விஷயத்தில் அவன் சொன்னது பொய் என்பதற்கு உங்களிடம் காகிதம் இருக்கிறதா? கைதியாகி மீண்டவர்களின் பிள்ளைகளை அந்தக் காலத்தில் எப்படி நடத்தினார்கள் என்று தெரியாமல் பேசுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்பவர் இதற்கு மட்டும் காகிதம் இல்லாமல் தீர்ப்பு எழுதுகிறார்.

கரிசல்மண்:
ஸ்தெபானுக்குக் காகிதம் காட்டுங்கள், பிறகு மாஸ்கோ போகலாம்.

கொங்கு வக்கீல்:
இரண்டு பேரும் சிறுவயதிலேயே நிற்கிறீர்கள். வழக்கில் கனமான இடம் 1978 டிசம்பர் 22. ஷாக்தி நகரில் ஒன்பது வயதுச் சிறுமியைத் தன் சின்னக் குடிசைக்கு அழைத்துப்போய்க் கொன்றான். அவனே ஒப்புக்கொண்ட முதல் கொலை அது. அந்த வீட்டருகே ரத்தக்கறை இருந்தது. சிறுமியோடு ஓர் ஆளைப் பார்த்த சாட்சி சொன்ன அடையாளம் இவனுக்குப் பொருந்தியது. ஆனால் போலீஸ் பிடித்தது அலெக்சாந்தர் கிராவ்சென்கோ என்ற இளைஞனை, ஏற்கெனவே ஒரு கொலைக்குச் சிறை போய் வந்தவன் என்பதால். அன்று வீட்டில்தான் இருந்தான் என்று சொன்ன மனைவியை மிரட்டி வாக்குமூலத்தை மாற்ற வைத்தார்கள். அவனும் ஒப்புக்கொண்டான், பிறகு மறுத்தான். 1983 ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள். வாக்குமூலத்தை வைத்து உயிரை எடுத்தால் இதுதான் நடக்கும். மரண தண்டனை விவாதத்தில் இதைத்தான் சொன்னேன். அன்றைக்குக் கரிசல்மண் பாதியில் எழுந்து போனார், நினைவிருக்கும்.

கரிசல்மண்:
நான் எழுந்து போகவில்லை, நீங்கள் தனிப்பட்ட முறையில் பேசியதால் பதில் சொல்வதை நிறுத்தினேன். அதை இங்கே இழுக்காதீர்கள். நீங்கள் சொன்னதே எனக்குத்தான் பலம். கிராவ்சென்கோவின் வாக்குமூலத்தை நம்பியதால் ஓர் அப்பாவி செத்தான். சிக்கட்டிலோவின் வாக்குமூலத்தை மட்டும் நம்ப வேண்டுமாம், அதுவும் அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்த விஷயத்துக்கு.

கொங்கு வக்கீல்:
நான் ஸ்தெபானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கு எல்லாமே ஸ்தெபான்தான்.

வெண்ணிலா:
1984ஐ யாருமே தொடவில்லை. அந்தச் செப்டம்பரில் ரஸ்தோவ் பேருந்து நிலையத்தில் பெண்களைத் துரத்தித் துரத்திப் பேசிக்கொண்டிருந்தவனைப் போலீஸ் பிடித்தது. பையில் கத்தி, கயிறு, வாசலின். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஏ பிரிவு. உடல்களில் கிடைத்த விந்து ஏபி என்று ஆய்வகம் சொல்லியிருந்ததால் கொலைச் சந்தேகத்திலிருந்து விலக்கினார்கள். வேலை செய்த இடத்தில் திருடிய குற்றத்துக்கு மட்டும் ஒரு வருடத் தண்டனை, மூன்றே மாதத்தில் வெளியே வந்துவிட்டான். அதற்குப் பிறகு இருபது பேருக்குக் குறையாமல் செத்தார்கள். நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், இதைப் படித்தபோது இரவு தூக்கம் வரவில்லை. ஒரு குழாயில் தவறாகப் படித்த முடிவுக்கு அத்தனை உயிர்.

செந்தோழர்:
தவறாகப் படிக்கவில்லை. ரத்தப் பிரிவும் விந்துப் பிரிவும் சிலருக்கு வேறுபடும், இவனுக்கு அப்படி இருந்தது என்று சோவியத் நிபுணர்கள் விளக்கம் கொடுத்தார்கள்.

வெண்ணிலா:
அந்த விளக்கத்தை மற்ற நாட்டுத் தடயவியலாளர்கள் ஏற்கவில்லை. ஏ பிரிவு ஆளின் விந்தில் பி எங்கிருந்து வரும்? மாதிரி கெட்டுப்போயிருக்கலாம், கலந்திருக்கலாம், சோதனை பிசகியிருக்கலாம். தப்பு செய்த ஆய்வகத்தைக் காப்பாற்ற உடம்பின் மேல் பழி போட்டார்கள்.

செந்தோழர்:
நீங்கள் அந்த ஆய்வகத்தில் இருந்தீர்களா?

வெண்ணிலா:
நீங்கள் இருந்தீர்களா?

நள்ளிரவு வாசகன்:
இதையெல்லாம் தாண்டி ஒன்றைச் சொல்கிறேன். விசாரணை அதிகாரி புராக்கோவ் மனநல மருத்துவர் புக்கனோவ்ஸ்கியிடம் போனபோது அவர் 65 பக்கத்துக்குக் கொலைகாரனின் மனத்தை எழுதிக் கொடுத்தார். தனிமையில் வலியோடு வளர்ந்தவன், நடுவயதுக்காரன் என்று. 1990 நவம்பரில் பிடித்த பிறகு விசாரணைக்குத் தலைமை தாங்கிய கொஸ்தோயெவ் நாள்கணக்கில் கேட்டும் வாயைத் திறக்காதவன், அதே மருத்துவர் அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டியதும் உடைந்து அழுதான். சிறுவயது ஒன்றுமே இல்லை என்றால் அங்கே ஏன் அழுதான்?

கரிசல்மண்:
மாட்டிக்கொண்டதற்காக அழுதிருப்பான். சிறுவயது ஒன்றுமில்லை என்று நான் எங்கே சொன்னேன்? அந்த 65 பக்கம் எழுதும்போது மருத்துவருக்குச் சிக்கட்டிலோ யாரென்றே தெரியாது. ஸ்தெபான் இல்லாமலே அவரால் எழுத முடிந்தது, உங்களால் முடியவில்லை. வாசகன், உங்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் எதை எழுதியிருக்க வேண்டும் தெரியுமா? நோவோஷாக்தின்ஸ்க் பள்ளியை. அங்கே ஆசிரியராக இருந்தபோது 1973இல் மாணவிகளிடம் அத்துமீறினான். புகார் போனது. பள்ளி என்ன செய்தது? போலீசுக்குச் சொல்லவில்லை. தானாகவே வேலையை விட்டுப் போய்விடு என்று சத்தமில்லாமல் அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் மறுபடியும் ஆசிரியர் வேலை. இதற்குச் சாட்சி உண்டு, தேதி உண்டு, புகார் கொடுத்த பிள்ளைகள் உண்டு. அன்றே அவன் மேல் வழக்குப் போட்டிருந்தால் 1978இல் அந்த ஒன்பது வயதுக் குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும். கிராவ்சென்கோவும் சுடப்பட்டிருக்க மாட்டான். இத்தனை கண்முன்னே கிடக்க, யாரும் பார்க்காத அண்ணனை மண்ணிலிருந்து தோண்டி எடுத்துத் தலைப்பு வைக்கிறீர்கள், ஏனென்றால் பள்ளி நிர்வாகத்தின் கோழைத்தனத்தை எழுதினால் யாரும் அழ மாட்டார்கள், தின்னப்பட்ட அண்ணன் என்றால் ஊரே அழும்.

நள்ளிரவு வாசகன்:
நான் கைதட்டலுக்கு எழுதுகிறேன் என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறீர்கள். போன வருடம் பஞ்சம் பற்றிய என் தொடரையும் இப்படித்தான் நடுவில் புகுந்து கெடுத்தீர்கள். உங்களுக்குப் பஞ்சத்தில் செத்தவர்களைப் பற்றி எவன் எழுதினாலும் பிடிக்காது.

கரிசல்மண்:
அந்தத் தொடரில் நான் திருத்தியது இரண்டு தேதி. இரண்டும் தப்பாக இருந்தன.

கொங்கு வக்கீல்:
தேதி என்றதும் நினைவு வந்தது. வாசகன் தன் பதிவில் 56 கொலை என்று போட்டிருக்கிறார். அவன் ஒப்புக்கொண்டது 56. குற்றம் சாட்டியது 53. 1992 அக்டோபரில் நீதிமன்றம் உறுதி செய்தது 52. சட்டப்படி 52தான்.

வெண்ணிலா:
சட்டப்படி என்றால் மீதிப் பேர் சாகவில்லையா?

கொங்கு வக்கீல்:
செத்தார்கள். இவன் கொன்றான் என்று நிரூபணமாகவில்லை. இந்த வித்தியாசம் புரியாமல்தான் கிராவ்சென்கோவைச் சுட்டார்கள்.

செந்தோழர்:
கிராவ்சென்கோ ஏற்கெனவே ஒரு பெண்ணைக் கொன்றவன். அவனை அப்பாவி என்று கரிசல்மண் எழுதியதற்கு மட்டும் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

கரிசல்மண்:
அந்தக் கொலைக்குத் தண்டனை அனுபவித்துவிட்டுத்தான் வெளியே வந்தான். செய்யாத இன்னொன்றுக்குச் சுடப்பட்டான். இதில் அப்பாவிதான், ஆயிரம் தடவை சொல்வேன்.

கொங்கு வக்கீல்:
இந்த ஒரு வரியைத்தான் மரண தண்டனை விவாதத்தில் உங்களிடமிருந்து எதிர்பார்த்தேன். அன்று எதிர்ப்பக்கம் நின்றீர்கள்.

கரிசல்மண்:
இன்றும் நிற்கிறேன். 1994 பிப்ரவரி 14 அன்று நோவோசெர்காஸ்க் சிறையில் சிக்கட்டிலோவைச் சுட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்குத் தனியாக விவாதம் திறங்கள், வருகிறேன்.

வெண்ணிலா:
1990 நவம்பர் 6 அன்றும் அவன் கையில் கிடைத்தும் விட்டுவிட்டார்கள். தோன்லெஸ்கோஸ் ரயில் நிலையத்தில் காட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவனின் கன்னத்தில் கறை. காவலர் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ.

செந்தோழர்:
அந்தக் காவலரும் சோவியத் காவலர்தான், குறித்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு வாசகன்:
என் பதிவு அப்படியே இருக்கும், ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். அடுத்த பகுதியில் அன்னாவைப் பற்றி எழுதுகிறேன்.

கரிசல்மண்:
எழுதுங்கள். அன்னாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று முதல் வரியில் போடுங்கள், ஆதாரத்தோடு.